இதயத்தின் காது மடல்: ஒரு சிகிச்சையின் வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

முதுமையடைந்த நம் பெற்றோரில் சிலரிடம், “இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருக்கிறது, பக்கவாதம் வராமல் தடுக்க இரத்தம் உறையாமைக்கான மாத்திரை தேவை” என்று மருத்துவர் கூறுகிறார். அம்மாத்திரையை நீண்டகாலம் உட்கொள்ள இயலாத சிலருக்கு வேறொரு வழியும் சொல்லப்படுகிறது: மார்பைப் பிளக்காமல், தொடையின் இரத்தக்குழாய் வழியே சென்று இதயத்திலுள்ள ஒரு சிறு பையை அடைத்துவிடுவது. “அல்லாஹ் படைத்த உறுப்பை அடைக்கலாமா?” என்ற கேள்வி நம் குடும்பங்களில் எழுவது இயல்பே. விடை காணுமுன் இவ்வறிவு வந்த வழியைப் பார்ப்போம்.

1213இல் பிறந்து, டமாஸ்கஸில் மருத்துவம் பயின்றவர் இப்னுந் நஃபீஸ். கெய்ரோவில் மருத்துவராகப் பணியாற்றியதோடு, ஒரு மதரஸாவில் ஷாஃபிஈ சட்டமும் கற்பித்தார். இதயத்தின் இரு பக்கங்களுக்கும் நடுவே உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்பது கிரேக்க மருத்துவர் கேலனின் கூற்று. 1242ஆம் ஆண்டளவில் எழுதிய விரிவுரையில் இப்னுந் நஃபீஸ் அதை மறுத்தார். இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று நிறுவினார். பல நூற்றாண்டுகள் கவனிக்கப்படாதிருந்த இவ்வுண்மையை, 1924இல் எகிப்திய மருத்துவர் தத்தாவி பெர்லின் நூலகச் சுவடியில் கண்டு உலகறியச் செய்தார்.

நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை ஏற்பது இடது மேலறை. அதன் ஓரத்தில் காது மடல் போன்றதொரு பை உள்ளது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது அப்பையில் இரத்தம் தேங்குகிறது. நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்கள் அறிவார்கள்: களிமண் கரைசலைக் கலக்குவதை நிறுத்தினால் மண் அடியில் தங்கிவிடும். தேங்கிய இரத்தமும் அவ்வாறே கட்டியாகிறது. அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். வால்வு நோயின்றித் துடிப்பு மட்டும் தடுமாறுவோரிடம், மேலறையில் உருவாகும் கட்டிகளில் சுமார் 90 விழுக்காடு இப்பையிலேயே உண்டாகின்றன.

1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்த வார்ஃபரின், 1954இல் மனிதருக்கான மருந்தாயிற்று. எண்ணற்றோரைப் பக்கவாதத்திலிருந்து காத்த அம்மருந்தே சிலருக்கு வயிற்றிலும் மூளையிலும் இரத்தக்கசிவை உண்டாக்கியது. 1949இலேயே ஜான் மேடன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் அப்பையை வெட்டியகற்றிப் பார்த்தார். ஆயினும் அதற்கு மார்பைத் திறக்க வேண்டியிருந்தது.

திறக்காமலே இதயத்தை அடையும் வழியை 1929இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோர்ஸ்மான் காட்டினார். தம் கை நரம்பு வழியே மெல்லிய குழாயொன்றை இதயம்வரை தாமே செலுத்திக்கொண்டார். 1956இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1977இல் சூரிச்சில் கிரன்ட்ஸிக் குழாய்முனைப் பலூனால் இதயத் தமனியை விரித்தார். அவரிடம் பயின்ற மருத்துவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் அம்முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 2001இல் ஜெர்மனியில் முதன்முறையாகக் குழாய் வழியே இதயப்பை அடைக்கப்பட்டது. 2009இல் 707 நோயாளிகளிடம் இம்முறையை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ஆய்வு வெளியாயிற்று. 2015இல் அமெரிக்க அரசு ‘வாட்ச்மேன்’ என்னும் அடைப்பானுக்கு ஒப்புதல் அளித்தது. இன்று சென்னையின் பெரிய மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

தொடை நரம்பில் நுழையும் குழாய் வலது மேலறையை அடைந்து, நடுச்சுவரை ஊசியால் துளைத்து இடப்பக்கம் செல்கிறது. குடை போல் விரியும் உலோக வலை பையின் வாயை மூடுகிறது. சில வாரங்களில் அதன்மேல் சவ்வு வளர்கிறது. அதுவரை மாத்திரையை நிறுத்தலாகாது. இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிதல் போன்ற அபாயங்களும் உண்டு. செயற்கை உலோக வால்வு பொருத்தியோருக்கும், மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியோருக்கும் இது தீர்வாகாது.

நோய்க்குச் சிகிச்சை பெறுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். தீங்கை அகற்றுவது நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உயிரைக் காக்கும் நோக்குடன் அப்பையை அடைப்பது படைப்பைச் சிதைப்பதன்று. எனினும் அது யாருக்குத் தேவை என்பதை இதய மருத்துவரே கூற வேண்டும். மாத்திரையே போதுமெனில் அதை ஒழுங்காக உட்கொள்வதும் தவக்குலுக்கு முரணாகாது. பெரியவர்கள் அச்சத்தால் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. மருத்துவரிடம் அவர்களுடன் நாமும் செல்வோம். சந்தேகங்களைக் கேட்டுத் தெளிவோம்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.