அந்தமான் காய்ச்சலும் வெள்ளணு விரித்த வலையும்

போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம்) மரைன் ஹில் பக்கம் எங்கள் அத்தை குடும்பம் பல வருடம் இருந்தது. அந்தமான் என்றால் எல்லோரும் செல்லுலார் ஜெயிலைப் பற்றிக் கேட்பார்கள். அத்தை பேசியதெல்லாம் காய்ச்சலைப் பற்றித்தான். இந்தப் பதிவும் அதைப் பற்றித்தான். நான் இருப்பது ஆய்வுக்கூட வேலையில் என்பதால் கொஞ்சம் சோதனைக்குழாய் வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1988 வாக்கில் அந்தமானில் ஒரு காய்ச்சல் பரவியது. உடம்பு வலியில் ஆரம்பித்து இருமலில் ரத்தம் வரும். சிலர் மூச்சுத் திணறி இறந்தார்கள். காரணம் தெரியாததால் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். 1993 இறுதியில் வட அந்தமானின் திக்லிபூரில் மறுபடி வந்தபோதுதான், போர்ட் பிளேர் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தில் சேகல் குழுவினர் அது லெப்டோஸ்பைரா, அதாவது நம் எலிக்காய்ச்சல், என்று காட்டினார்கள். இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தமானில் இந்த நோய் இருப்பதை டெய்லரும் கோயலும் 1931-லேயே அச்சில் போட்டிருந்தார்கள்!

கண்டுபிடிக்க உதவியது 'மேட்' என்ற பழைய சோதனை. நோயாளியின் சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, உயிருள்ள கிருமிகளோடு கலந்து, இருட்டுப்புல நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பாதிக் கிருமிகள் ஒட்டிக்கொண்டு கட்டியானால் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது பழைய தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாமே? அதனால் சில நாள் கழித்து இரண்டாவது மாதிரி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குள் முதல் மாதிரி கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும்.

(ஊருக்குப் போய்ச் சேற்றில், வெள்ளத்தில் கால் வைத்துவிட்டு வந்து காய்ச்சல் கண்டால், அதை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இங்கே உள்ளவர்களுக்கு அது சட்டென்று தோன்றாது.)

சரி, வலைக்கு வருவோம். 2004-ல் பெர்லினில் பிரிங்க்மன், சைக்லின்ஸ்கி குழுவினர் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு தன் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசிக் கிருமியைப் பிடிப்பதைப் படம் பிடித்தார்கள். லெப்டோஸ்பைராவுக்கும் அது வலை வீசுகிறது என்று 2015-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. வலை அளவு மீறினால் நம் ரத்தக்குழாயையே பதம் பார்க்கும். அப்படியானால் திக்லிபூர்க்காரர்களின் நுரையீரலில் ரத்தம் கசிந்ததற்கு வலைதான் காரணமா? அப்படிச் சொல்ல முதலில் வலையை ஒழுங்காக அளக்க வேண்டுமே!

அங்கேதான் சிக்கல். சைடாக்ஸ் கிரீன் சாயம் வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வை ஒளிரச் செய்யும். வேறு காரணத்தால் செத்த அணுவையும் அப்படியே ஒளிரச் செய்யும். சிட்ருலின் ஏறிய ஹிஸ்டோனை நுண்ணோக்கியில் தேடலாம். ஆனால் எல்லா வலையிலும் அது இருக்காது, எண்ணுகிறவர் கண்ணும் ஆளுக்கு ஆள் மாறும். மையலோபெராக்சிடேஸும் டி.என்.ஏ.வும் சேர்ந்திருப்பதை எலைசாவில் பிடிக்கலாம். அதன் முடிவும் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறாக வரும். அதனால் ஒன்றுக்கு இரண்டு முறை சேர்த்துச் செய்கிறோம். ரத்தத்தை உறையவிட்டுச் சீரம் எடுத்தால் குழாய்க்குள்ளேயே வெள்ளணு கிளர்ந்து புது வலை வீசிவிடலாம். ஆகவே பிளாஸ்மாதான் நல்லது. மேட் சோதனைக்காக ஃப்ரீசரில் பத்திரப்படுத்திய பழைய சீரக் குப்பிகள் இந்தக் கேள்விக்கு அவ்வளவாக உதவாது.