பி.கே.யா, அமல் தத்தாவா? நம்ம ஃபுட்பால் கோச்சுகளுக்கு ஒரு ராங்க் லிஸ்ட்

கிரிக்கெட் கேப்டன்களை வரிசைப்படுத்தச் சொன்னா டீக்கடையில உக்காந்திருக்கிற எல்லாரும் ஆளுக்கு ஒரு லிஸ்ட் வச்சிருப்பாங்க. ஃபுட்பால் கோச் என்று கேட்டால் சத்தமே வராது. நெய்யூர்ல இருந்துகிட்டு உமக்கு எதுக்குவே கல்கத்தா கதை என்று கேட்கலாம். எங்க ஊரிலிருந்து மேற்கே தூத்தூர் பக்கம் போனால் கடற்கரை ஊர்களில் பயலுக மணல்லயே பந்து அடிச்சு வளர்றானுக. அதனால இங்க இருக்கிறவனுக்கும் இதைப் பேச பாத்தியதை உண்டு.

முதலிடத்துக்கு விவாதமே கிடையாது. சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். 1950-லிருந்து 1963-ல் இறக்கும்வரை ஹைதராபாத் சிட்டி போலீஸுக்கும் இந்திய அணிக்கும் அவர்தான் கோச். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பை. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். நடுவில் 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவர் கணக்கில்தான் வரும். நம்ம ஆட்களில் பலர் அப்போ பூட்ஸ் இல்லாமல் ஆடிய காலம். அதிலிருந்து நாலே வருஷத்தில் ஒலிம்பிக் அரையிறுதி என்பதைத்தான் பார்க்கணும். பலவீனமான காலால் மட்டுமே பந்தைத் தொடணும் என்று தனியாகப் போட்டி வைப்பாராம்!

ஜகார்த்தா கதையை 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தை விட நிஜம் பெரிசு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை நம்ம ஜி.டி. சோந்தி தட்டிக்கேட்டதால், ஸ்டேடியமே இந்தியாவுக்கு எதிராகக் கத்துது. டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல், இனி தற்காப்பில் ஆட முடியாது. ரஹீம் என்ன செய்தார்? அவரைத் தூக்கி ஃபார்வேர்டில் போட்டார். ஃபைனலில் அதே தென்கொரியா. பி.கே. பானர்ஜி ஒண்ணு, ஜர்னைல் ஒண்ணு, 2-1. அன்றைக்கு கோல் காத்தது பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமெண்டில் தேறிய ஆள். ரஹீமுக்கு அப்போதே கேன்சர். மறு வருஷம் ஜூனில் போய்ச் சேர்ந்தார்.

சரி, இனிமேல்தான் சண்டை. ரெண்டாவது இடம் யாருக்கு? பி.கே. பானர்ஜியையும் அமல் தத்தாவையும் ஒப்பிட ஒரு வசதி இருக்கு. ரெண்டு பேரும் ஒரே ஊரில், ஒரே லீக்கில், மாறி மாறி ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் கோச்சாக இருந்தவர்கள். ஒரே தராசு.

வயசிலும் இந்தத் தொழிலிலும் மூத்தவர் அமல் தத்தா. கையில் காசில்லாத நிலையிலும் சொந்தச் செலவில் இங்கிலாந்து போய் கோச்சிங் படித்தவர். திரும்பி வந்து, படச்சுருளையும் புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு போய் ஆட்டங்களைப் போட்டுக்காட்டி விளக்குவார். 1969-ல் மோகன் பகானில் பின்வரிசை ஆட்களை ஓரமாக ஏறிப்போய் அடிக்கவிட்டார். மைதானமே திகைத்தது. அந்த வருஷம் லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ரெண்டும் பகானுக்கு.

பி.கே. வந்தது 1972-ல், ஈஸ்ட் பெங்காலுக்கு. ரஹீமிடம் பாடம் படித்த பிள்ளை. அவர் இருந்த நாலு வருஷமும் கல்கத்தா லீக் ஈஸ்ட் பெங்காலுக்குத்தான். 1975 ஷீல்டு ஃபைனலில் மோகன் பகானை 5-0! அடுத்த வருஷம் மனுஷன் அந்தத் தோத்த பகானுக்கே கோச்சாகப் போய்ச் சேர்ந்தார். 1977-ல் பெலே ஆடிய காஸ்மாஸுடன் ஈடன் கார்டனில் 2-2. அதே சீசனில் ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்டு மூணும். ஆட்டத்துக்கு முன்னாடி அவர் பேசுகிற பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்றே பேர் வைத்தார்கள்.

ரெண்டு பேரையும் பற்றிப் பேசினால் எல்லாரும் நேராகப் போய் நிற்பது 1997 ஜூலை 13-ல். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் ஸ்டேடியம், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். பகானில் அமல் தத்தா, 'டைமண்ட் சிஸ்டம்' என்று புது ஏற்பாடு, எதிராளிகளைப் பொடிப்பொடியாக்கிக்கொண்டிருந்த நேரம். மேட்சுக்கு முன்னாடி வாயை அடக்காமல் பாய்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றும், ஓமோலோவை 'ஆம்லெட்' என்றும் கிண்டலடித்தார். பி.கே. பதிலுக்கு எதுவும் பேசலை. தன் பயலுக காதில் அந்தக் கிண்டல் விழுந்தா போதும் என்று விட்டுவிட்டார். 4-1. பாய்சுங் ஹாட்ரிக்!

இந்த ஒரு மேட்சை வைத்து அமல் தத்தாவைக் கோமாளியாக்கிவிட்டார்கள், அதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். ஒரு லட்சம் பேர் ஒரு லோக்கல் மேட்சுக்கு வந்ததே அந்த டைமண்டைப் பார்க்கத்தானே? இங்கே ஒரு கோச்சின் திட்டத்தைப் பார்க்க ஜனம் டிக்கெட் வாங்கியது வேறு எப்போ? அவர் 2016-ல் இறந்தார். அப்பவும் முதல்ல பேசினது இந்தத் தோல்வியைத்தான்.

இருந்தாலும் ரெண்டாவது இடம் பி.கே.வுக்குத்தான். 1997-க்காக இல்லை. 5-0 அடித்த அணியை விட்டு, 5-0 வாங்கிய அணிக்குப் போய் அதையும் ஜெயிக்க வைத்தாரே, அதுக்காக. கையில் கொடுத்த ஆட்களை வைத்து ஜெயிக்கிறவர் அவர். அமல் தத்தா, தன் திட்டத்துக்கு ஏற்ற ஆட்கள் கிடைத்தால் ஜெயிப்பார். அதனால் அவருக்கு மூணு.

நாலாவது கோவாக்காரர் அர்மாண்டோ கொலாசோ. டெம்போவுக்கு 2005-க்கும் 2012-க்கும் இடையில் ஐந்து தேசிய லீக் பட்டம். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர்கள் அவரை இன்னும் மேலே வைப்பார்கள், வைக்கட்டும். ஆனா டெம்போ அவருக்கு அணியைக் கலைக்காமல் வருஷக்கணக்கில் கொடுத்து வைத்திருந்தது. சுபாஷ் பௌமிக் ஐந்து: 2003-ல் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆசியான் கிளப் கோப்பை வாங்கிக்கொடுத்தவர். வெளிநாட்டு கோச்சுகளில் ஹௌட்டனும் கான்ஸ்டன்டைனும் உண்டு, அவங்களுக்குத் தனியா ஒரு பதிவே போடணும்.

ஆறாவது இடம் கொஞ்சம் ஊர்ப்பாசம்தான். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2017-18-ல் சென்னை சிட்டியில் கலக்கிவிட்டு ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டான். நல்ல ஆளு போயிட்டானே என்று நாங்க உச்சுக் கொட்டினோம். நவாஸ் கையில் மிஞ்சியது பெரிய பேர் இல்லாத தமிழ்நாட்டுப் பையன்களும், சில ஸ்பெயின்காரர்களும். 2019 மார்ச் 9, கோயம்புத்தூர், கடைசி மேட்ச். மினர்வா பஞ்சாபை 3-1-ல் அடித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயிண்டில் முந்தி ஐ-லீக் பட்டம். தமிழ்நாட்டு கிளப்புக்கு அந்தக் கோப்பை வந்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த சில வருஷத்தில் அந்த கிளப்பே லீக்கை விட்டுப் போய்விட்டது.