தோட்டத்து உறுமியும் பல்கலைக்கழகப் பட்டமும்: கெடாவில் ஒலிக்கல்வியின் தடம்

முன்னுரை

ஒலியைப் படித்துப் பட்டம் பெறத் தமிழர்க்கு இசைத்துறை, திரைப்பட ஒலிப்பதிவு, ஒலிக்கலை என மூன்று வழிகள் அடுத்தடுத்துத் திறந்தன. மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டத் தமிழரின் ஒலி மரபு இவற்றில் இன்னும் ஏன் சேரவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோட்டம் தந்த பயிற்சி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி என்னும் ஆளெடுப்பு மேற்பார்வையாளர் வழியே தமிழகத்திலிருந்து வந்தவர்களோடு தப்பு, உறுமி ஆகிய தோற்கருவிகளும் வந்தன. மாரியம்மன் திருவிழாவில் மூத்தவர்களின் பின்னால் நின்றே இளையோர் அவற்றைக் கற்றனர். தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சி ஒலியைக் கூர்மையாக்குவதும், உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசி முனகல் எழுப்பியபடியே மறுமுகத்தில் தாளம் கட்டுவதும் கைப்பழக்கத்தால் வந்த ஒலியியல் அறிவு.

1934இல் அண்டைப் பினாங்கில் தொடங்கிய ஒலிபரப்பும், 1946இல் உருவான ரேடியோ மலாயாவும் தமிழ்க் குரலை வானலைக்குக் கொண்டுவந்தன. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வர, தோட்டக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. உறுமி மேளமும் உடன் பெயர்ந்தது. தைப்பூசக் காவடிகளுக்கு வாசிக்கும் நகர இளைஞர் குழுக்களாக அது மறுபிறப்பெடுத்தது.

பல்கலைக்கழகங்களின் வழி

தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இசையை உயர்கல்வியாக்கின. யாழ்ப்பாணத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக்கல்லூரி பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இவற்றின் பாடத்திட்டங்களுக்குக் கருநாடக இசையே மையம். தப்புக்கும் உறுமிக்கும் அங்கே இடம் கிடைக்காததற்குச் சாதிப் பார்வையும் காரணம். இசைத்துறைக்கு வெளியே, 1960இல் நிறுவப்பட்ட புனே திரைப்படக் கல்லூரி ஒலிப்பதிவைத் தொழில்நுட்பமாகக் கற்பித்தது.

மேற்கில் போக்கு வேறாக இருந்தது. பியர் ஷேஃபர் 1948இல் பாரிஸில் ரயில் ஓசைகளைப் பதிந்து இசைப்படைப்பாக்கினார். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மரே ஷேஃபர் ஊர்களின் ஒலிச்சூழலையே ஆய்வுப்பொருளாக்கினார். இலண்டனில் இன்று ஒலிக்கலைக்கெனத் தனி இளங்கலைப் பட்டமே உண்டு.

கெடாவின் நிலை

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றையே முதன்மைப்படுத்தியது. 1984இல் கெடாவில் தொடங்கிய மலேசிய வடக்குப் பல்கலைக்கழகம் நிர்வாகவியலுக்கானது. படைப்புத் தொழிலையும் நிர்வாகக் கோணத்திலேயே அணுகுகிறது. 2001இல் மலேசிய இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) முயற்சியில் உருவாகிப் பீடோங்கில் வளாகம் கொண்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவத்துக்கே பெயர் பெற்றது. தோட்டப் பெற்றோர் பிள்ளைகளிடம் எதிர்பார்த்த விடுதலை மருத்துவர் பட்டத்தில் இருந்தது, மேளத்தில் இல்லை. அந்தத் தேர்வுக்குப் பின்னால் வறுமையின் நியாயம் உண்டு.

முடிவுரை

இசைத்துறை இராகத்தையும், திரைக்கல்லூரி கருவியையும், இந்திய ஆய்வியல் எழுத்தையும் எடுத்துக்கொண்டன. எழுதப்படாத, இராகத்தில் அடங்காத தோட்ட ஒலி இந்த மூன்று துறைகளுக்கும் வெளியே நின்றது. எந்த ஓசையையும் ஆய்வுக்குரியதாகக் கொள்ளும் ஒலிக்கலைப் பட்டமே அதற்குப் பொருந்தும். மலேசியத் தகுதி முகமையின் ‘அபெல்’ திட்டம் பணி அனுபவத்தை உயர்கல்வி நுழைவுக்கு ஏற்கிறது. மேளக் குழுவில் கழித்த ஆண்டுகளை அவ்வாறு மதிப்பிடலாம். எனவே கெடாவில் இப்படியொரு படிப்பு அமைய மாணவர் தகுதி தடையாகாது. பாடத்திட்டம் வகுப்போரின் துணிவே தேவை.