தீர்ப்பு சொல்லப்போகும் நேரத்தில் கூடுதல் பதில் மனு: கோர்ட்டு ஏற்குமா?

ஆத்தூர்:

சிவில் வழக்கு நடத்துகிறவர்கள் வீட்டில் அடிக்கடி நடப்பது இது. நாலு வருஷமாக தேடியும் கிடைக்காத பழைய பத்திரம், வாதம் முடிந்து தீர்ப்புக்கு தேதி குறித்த பிறகுதான் டிரங்குப் பெட்டியில் இருந்து வெளியே வரும். உடனே வக்கீல் ஆபீசுக்கு ஓட்டம். "சார், இதையும் ஜட்ஜ் ஐயாகிட்ட குடுத்துடலாமா?" என்று கேள்வி.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலைக்கு பேர்போன ஆத்தூர் பகுதியில் கொடிக்கால் வரப்பு, வாய்க்கால் தண்ணீர், நடைபாதை, பாகப்பிரிவினை என்று வழக்குகளுக்கு குறைவில்லை. வழக்குக்காக திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. தாமதமாக வருகிறவருக்கு கோர்ட்டு கதவு முழுசாக மூடுவதில்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து, சொல்லும் காரணத்துக்கு கனம் வேண்டும்.

30 நாள், 90 நாள்

சம்மன் கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாளில் பிரதிவாதி தன் பதிலை (எதிருரை) தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள் வரை கோர்ட்டு நேரம் தரலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 2002 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த திருத்தம் இப்படிச் சொல்கிறது.

இந்தத் திருத்தங்களை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை போனது நம்ம சேலம் வக்கீல்கள் சங்கம். 2002 அக்டோபரில் திருத்தங்கள் செல்லும் என்று சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, நடைமுறைச் சிக்கல்களைப் பார்க்க நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையில் குழு போட்டது. 2005 ஆகஸ்டு 2-ந்தேதி இரண்டாவது தீர்ப்பு வந்தது. 90 நாள் தாண்டினாலும் பதிலை ஏற்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் மிகவும் கஷ்டமான சூழ்நிலைக்கு மட்டும்தான், வாடிக்கையாக தரக்கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. இன்றைக்கும் நாடு முழுக்க கோர்ட்டுகளில் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

தூத்துக்குடி வியாபாரிகள் ஒன்றை கவனிக்க வேண்டும். உப்பு, கப்பல் சரக்கு, ஏஜென்சி போன்ற வணிகத் தகராறு 3 லட்சம் ரூபாய்க்கு குறையாமல் இருந்தால் அது வணிக வழக்கு. அதில் 120 நாள்தான் கெடு. அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் பதில் போடும் உரிமை போச்சு என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு கறாராக சொல்லிவிட்டது. கொடிக்கால் வழக்கில் கிடைக்கும் சலுகை அங்கே கிடையாது.

அப்பா போட்ட பதில்

ஒரு தடவை பதில் போட்டாச்சு, அதில் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அப்போது கூடுதல் எதிருரை போட கோர்ட்டின் அனுமதி வேண்டும் (ஆர்டர் 8, ரூல் 9). வாதி தன் பிராதை திருத்தினால் அதற்கு பதில் சொல்ல பிரதிவாதிக்கு வாய்ப்பு கிடைக்கும். வழக்கு நடக்கும்போதே புதுசாக ஒன்று நடந்தால், உதாரணமாக இடத்தை மூன்றாவது ஆளுக்கு விற்றுவிட்டால், அதையும் சொல்லலாம். முன்பு ஒத்துக்கொண்டதை பின்வாங்குவதற்கு இதைப் பயன்படுத்த முடியாது.

கிராமங்களில் அதிகம் சிக்கல் வருவது இன்னொரு இடத்தில். அப்பா பிரதிவாதி. வழக்கு முடிவதற்குள் இறந்துபோகிறார். வாரிசாக மகன்கள் சேர்க்கப்படுகிறார்கள். அப்பா "நான் குத்தகைதாரர்" என்று எழுதியிருப்பார். மகன் வந்து "இடமே எங்களுக்கு சொந்தம்" என்று கூடுதல் பதில் போடுவார். செல்லாது. வாரிசாக வந்தவர் அப்பாவின் நிலையில் நின்றுதான் பேச முடியும். தனக்கென்று தனி உரிமை இருந்தால், சொந்தப் பெயரில் தனியாக தன்னை வழக்கில் சேர்க்கச் சொல்லி மனு போட வேண்டும். இதைத் தெரியாமல் வருஷக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு.

விசாரணை தொடங்கிய பிறகு, ஏற்கெனவே போட்ட பதிலை திருத்துவது இன்னும் கஷ்டம். உரிய அக்கறை எடுத்தும் முன்னாடியே சொல்ல முடியவில்லை என்று கோர்ட்டை திருப்திப்படுத்த வேண்டும். "மறந்துபோச்சு", "பழைய வக்கீல் சரியில்லை" என்ற இரண்டும் எல்லா மனுவிலும் வரும் காரணங்கள். நீதிபதிகளுக்கு கேட்டு கேட்டு அலுத்துப்போனவை.

வாதத்துக்கு வந்த சி.டி.

தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கு. கிரய ஒப்பந்தப்படி இடத்தை எழுதித்தர வேண்டும் என்று வாதி கேட்டார். கடனுக்காக கொடுத்த கையெழுத்து அது என்றார் பிரதிவாதி. சாட்சி விசாரணை முடிந்து வாதம் நடக்கும் கட்டத்தில், பேச்சுப் பதிவு அடங்கிய சி.டி.யுடன் வந்து, சாட்சியை மறுபடியும் விசாரிக்க அனுமதி கேட்டார். கீழ்க்கோர்ட்டும் ஐகோர்ட்டும் மறுத்துவிட்டன. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு, அந்த மனுவை மறுபடியும் பரிசீலிக்க கீழ்க்கோர்ட்டுக்கு அனுப்பியது. அதோடு, இழுத்தடிக்கப் போடும் மனு என்று தெரிந்தால் பலத்த செலவுத்தொகையுடன் தள்ளிவிடலாம் என்றும் சொன்னது.

இரண்டு வருஷம் கழித்து 2013-ல் வேறொரு வழக்கு. வாதம் முடிந்து தீர்ப்பு ஒத்திவைத்த பிறகு வாதி புது ஆவணங்களுடன் வந்தார். அவை ஆரம்பத்தில் இருந்தே அவர் கையில் இருந்தவை. ஐகோர்ட்டு அனுமதித்தும், சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பேப்பர் எப்போது உங்கள் கைக்கு வந்தது என்பதைத்தான் கோர்ட்டு முதலில் பார்க்கும்.

எழுத்துப்பூர்வ வாதம் வேற

பலரும் குழப்பிக்கொள்வது இதைத்தான். வக்கீல் வாயால் பேசியதை சுருக்கமாக எழுதிக் கொடுப்பது எழுத்துப்பூர்வ வாதம். வாய்மொழி வாதம் முடிவதற்குள் அனுமதி பெற்று கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கும் அப்போதே ஒரு காப்பி தர வேண்டும். இதற்காக மட்டும் வாய்தா கேட்டால், காரணத்தை எழுதி வைத்துத்தான் நீதிபதி தர முடியும். பதிலில் இல்லாத புது சங்கதியை, குறியீடு செய்யாத ஆவணத்தை இதற்குள் நுழைத்தால் பலன் இல்லை.

தாமத மனு போடுகிறவர்கள் அபிடவிட்டில் மூன்றை தெளிவாக எழுதச் சொல்லுங்கள்: ஆவணம் எந்தத் தேதியில் எப்படி கிடைத்தது, முன்பு தேடியதற்கு என்ன அடையாளம் (தாலுகா ஆபீசில் நகல் கேட்ட ரசீது போதும்), வழக்கின் எந்தக் கேள்விக்கு அது தேவை. ஆவணத்தையும் மனுவோடு சேர்த்தே கொடுங்கள்.

மனு தள்ளுபடி ஆனால் மதுரை ஐகோர்ட்டு கிளைக்கு சீராய்வு மனுவோடு போகலாம். அங்கே போகாவிட்டாலும், தீர்ப்பு பாதகமாக வந்த பிறகு போடும் அப்பீலில் இந்தத் தள்ளுபடியையும் ஒரு காரணமாக சொல்ல சட்டத்தில் இடம் இருக்கிறது. முன்சீப் கோர்ட்டு தீர்ப்பு என்றால் அப்பீலுக்கு 30 நாள் கெடு. தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்களை அதில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், நகல் மனுவை தீர்ப்பு வந்த அன்றே போட்டுவிடுங்கள்.