மூங்கிலும் மண்ணும் புல்லும்: சேர்வராயன் மலை வீடுகள்

அடிவாரத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஏற்காடு போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், காபித் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். காபி வருவதற்கு முன்பே அங்கே சாமையும் ராகியும் விதைத்தவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

அவர்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீங்க, பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளில் மூத்தவர் சேர்வராயன் மலை ஏறினார், மற்றவர்கள் வேறு மலைகளுக்குப் போனார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் தொகை அதிகம் இவர்கள்தான். 2011 கணக்குப்படி ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர்.

பழைய வீட்டில் விலைக்கு வாங்கின பொருள் ஏதும் இல்லை. காட்டுக் கம்பங்களை நட்டு, மூங்கிலைப் பிளந்து தட்டியாகப் பின்னி, இரண்டு பக்கமும் மண்ணைப் பிசைந்து அப்புவார்கள். மேலே சாணம் மெழுகுவார்கள். கூரைக்குப் போதைப்புல் போன்ற மலைப்புல். மலையிலே மழை அதிகம் பாருங்க, அதனால் கூரை செங்குத்தாக இருக்கும். சரிவு குறைந்தால் தண்ணீர் புல்லிலே தங்கும்; தங்கினால் மக்கும். கூரையைச் சுவருக்கு வெளியே தாழ இறக்குவதும் இதற்காகவே. மண் சுவருக்குக் குடை அதுதான்.

அடுப்புப் புகைக்குத் தனிக் குழாய் கிடையாது. புகை கூரை வழியாகவே கசிந்து போகும். புல் காயும், பூச்சி அண்டாது, பரணில் கிடக்கும் விதைத் தானியமும் கெடாது. ஆனால் அந்தப் புகையை நாள் முழுக்கக் குடித்தது வீட்டுப் பெண்கள். பழசு என்பதற்காக அதையும் புகழ்ந்துவிடக் கூடாது.

ஆப்பிரிக்காவில் சூடான், காங்கோ பக்கம் அசாண்டே என்ற குடியானவர்களும் மண் சுவரும் புல் கூரையுமாகத்தான் கட்டினார்கள். இவான்ஸ் பிரிட்சார்டு என்ற ஆராய்ச்சியாளர் 1937-ல் அவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், கால் நட்டுக் கட்டிய தானியக் களஞ்சியம் சரிந்து, நிழலுக்கு ஒதுங்கினவர்கள் மேல் விழுவதைச் சொல்கிறார். காலைக் கரையான் அரித்தது அவர்களுக்குத் தெரியும். இன்னார் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஏன் விழுந்தது என்பதற்குத்தான் சூனியத்தைக் காரணம் சொன்னார்கள். கரையான் பயம் எல்லா ஊருக்கும் பொதுவுங்க.

சரி, மலை வீடு ஏன் மாறிற்று? 1820-ல் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். பிறகு துரைமார் தோட்டங்கள் பரவின. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காட்டில் நினைத்தபோது மூங்கில் வெட்ட, புல் அறுக்க முடியாமல் போயிற்று. சாமானே கையைவிட்டுப் போனபின் கட்டத் தெரிந்து என்ன பயன்? பிற்காலத்தில் ஓடு, தகரம், 1985-க்குப் பின் அரசுத் தொகுப்பு வீடு, 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் திட்டம் என்று வந்தன. தீப்பிடிக்காது, அடிக்கடி கூரை மாற்றுகிற பாடு இல்லை. கேட்டு வாங்கியதில் தப்பே இல்லை. தகரக் கூரைதான் வெயிலில் அனலாகவும் பனியில் ஐஸாகவும் இருக்கிறது.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் சிறு வனப்பொருளாகச் சேர்த்து, வனவாசிகளுக்கு அதன்மேல் உரிமை கொடுத்தது. ஆக, ஆட்டுக் கொட்டகைக்கோ தானியப் பரணுக்கோ பழைய முறையில் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இளம் மூங்கில் வேண்டாம், முற்றினதாகப் பார்த்து வெட்டுங்கள். தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள் பெரியவர்கள். அது உங்கள் விருப்பம். வெட்டினதும் இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்னத்தான் துளைப்பூச்சி வருகிறது. ஊறினால் அது கரைந்துபோகும். பிறகு நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும்.