பினாங்கு தந்த மெல்லிசை: பி. ரம்லியின் காதல் பாடல்கள்

மலாய்த் திரையிசையின் பொற்காலத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பி. ரம்லி. 60க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 30க்கும் மேற்பட்டவற்றை இயக்கினார். ஆனாலும் அவரை இன்றளவும் மக்கள் மனத்தில் வைத்திருப்பவை அவர் மெட்டமைத்துப் பாடிய காதல் பாடல்களே. அவர் பினாங்கு மண்ணின் மைந்தர். அந்த இசையின் வேர்களும் பினாங்கில்தான் இருக்கின்றன.

இயற்பெயர் தெயுக்கு ஸக்காரியா. 1929 மார்ச் 22 அன்று ஜார்ஜ்டவுனில் பிறந்தார். தந்தை தெயுக்கு ஞாக் புத்தே, சுமத்ராவின் ஆச்சே பகுதியைச் சேர்ந்தவர். பெயரின் முன்னெழுத்து தந்தை பெயரிலிருந்து வந்தது. ஜப்பானியர் ஆட்சி பினாங்கில் நடந்தபோது பள்ளி வயதில் இருந்த ரம்லி, அந்த ஆண்டுகளிலேயே இசையில் ஈடுபட்டார். யுகுலேலி, கிதார், வயலின் ஆகியவற்றை வாசிக்கவும், இசைக்குறியீட்டைப் படிக்கவும் இளமையிலேயே பழகிக்கொண்டார்.

அன்றைய பினாங்கு பல இசைகள் வந்து கலந்த துறைமுகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து இங்கே உருவானது பங்சாவான் நாடகம். ஜாவாவின் குரோஞ்சோங் பாட்டு, மேலைநாட்டு நடன இசை, இந்தியத் திரைப்பாட்டு ஆகிய யாவும் ஒரே ஊரில் ஒலித்தன. நீரிணைக்கு அப்பால், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென்கோடியில் இருக்கும் நிபோங் திபாலின் சுற்றுவட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களாகவும் பின்னர் ரப்பர் தோட்டங்களாகவும் இருந்தது. கலிடோனியா, பைராம் போன்ற தோட்டங்களில் குடியேறிய தமிழர்கள் கோயில் திருவிழாக் கூத்தையும் நாட்டுப்பாட்டையும் உடன் கொண்டுவந்தனர். பேசும்படம் வந்தபின் தமிழ்த் திரைப்பாட்டும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

ரம்லியின் வாழ்க்கை திசை மாறியதும் இதே செபராங் பிறையில்தான். நிபோங் திபாலுக்கு வடக்கே உள்ள புக்கிட் மெர்தாஜாமில், 1948 ஜூன் மாதம், விவசாயக் கண்காட்சி ஒன்றில் அவர் பாடினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். இந்தியாவிலிருந்து வந்து 1930களிலேயே மலாய்ப் படம் இயக்கியவர் அவர். அந்தக் குரலுக்காக ரம்லியைச் சிங்கப்பூருக்கு, ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்துக்கு அழைத்தார். அதே ஆண்டு வந்த ‘சிந்தா’ படத்தில் ரம்லி வில்லனாக நடித்ததோடு, கதாநாயகனுக்குப் பின்னணியும் பாடினார். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ (1950) அவரைக் கதாநாயகனாக்கியது.

அந்த நிலையத்தின் தொடக்ககால இயக்குநர்களில் பலர் இந்தியர். கதை ஓட்டத்தில் பாடல்களை வைக்கும் இந்தியப் பட வழக்கம் அவர்களோடு வந்தது. காதலர் சந்திப்புக்கு ஒரு பாட்டு, பிரிவுக்கு ஒரு பாட்டு என்ற தேவை எழுந்தது. அந்தத் தேவைக்கு மலாய் மண்ணுக்குரிய மெட்டைக் கொடுத்தவர் ரம்லி.

அவருடைய மெட்டுகள் எளியவை. அதற்குக் காரணங்கள் உண்டு. மலாய்ச் செய்யுள் மரபில் பந்துன் என்னும் நாலடிப் பாட்டு செல்வாக்குள்ளது. சிறிய அடிகள், சீரான இயைபு என்னும் அதன் அமைப்புக்குப் பழகிய காதுக்கு நீண்ட சங்கதிகள் தேவைப்படவில்லை. அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரே பாடகர். தம் மென்குரல் உரத்து எழாமல், பேசுவதுபோல் பாடக்கூடிய மெட்டையே அவர் தேடினார்.

‘அந்தாரா துவா டர்ஜாட்’ (1960) படத்தில் வரும் ‘கெத்தாரான் ஜீவா’ இதற்குச் சிறந்த சான்று. ஏழை இசைக்கலைஞனுக்கும் அரச குலப் பெண்ணுக்கும் இடையிலான காதல்தான் கதை. எஸ். சுடர்மாஜி எழுதிய பாட்டு. முதலில் நான்கு சிற்றடிகள். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிகிறது. இரண்டாம் பகுதியில் மெட்டு சற்றே விலகி, மறுபடி முதல் மெட்டுக்கே திரும்புகிறது. இசையே பாட்டின் பொருள்; தன் எளிமையைத் தானே ஒப்புக்கொள்ளும் வரிகளும் அதில் உண்டு. ஒருமுறை கேட்டவர் மறுமுறை கூடவே பாடலாம். ‘பெனாரிக் பெச்சா’ (1955) படத்தின் ‘அசிசா’ பாட்டும், ‘சார்ஜன் ஹசான்’ (1958) படத்தின் ‘துங்கு செகெஜாப்’ பாட்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. சாக்ஸபோன் கலைஞனின் துயரக் காதலைச் சொல்லும் ‘இபு மெர்துவாக்கு’ (1962) படத்தில் இந்த எளிமை பெருந்துயரத்தையும் தாங்கி நிற்கிறது.

எளிமை வறுமையன்று. ரும்பா, சா-சா போன்ற லத்தீன் அமெரிக்கத் தாளங்களையும் ஜோகெட், இனாங், மஸ்ரி முதலிய மலாய் நடைகளையும் அவர் கையாண்டார். 1956இல் ஆசியத் திரைப்பட விழாவில் ‘ஹாங் துவா’ படத்தின் இசைக்குப் பரிசு கிடைத்தது. இத்தனை சரக்கு கைவசம் இருந்தும், காதல் பாட்டென்று வரும்போது மெட்டு ஒன்றையே முன்னால் நிறுத்தி, மற்றவற்றைப் பின்னால் வைத்தார்.

தமிழில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர் ஏ. எம். ராஜா. அவரும் 1929இல் பிறந்தவர்; அவரும் பாடகராக இருந்து இசையமைப்பாளர் ஆனவர். ‘கல்யாணப் பரிசு’ (1959), ‘தேன் நிலவு’ (1961) பாடல்களில் அதே அடக்கமும் அதே குழைவும் கேட்கின்றன. பினாங்கு மாநிலத் தமிழர்கள் இந்த இரண்டு இசைகளையும் ஒரே காலத்தில் கேட்கும் வாய்ப்புப் பெற்றவர்கள்.

1964இல் ரம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்து மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் பணியாற்றினார். அதற்குள் மின்கிதார் குழுக்களின் பாப் இசை இளைஞர்களை ஈர்த்துவிட்டது. அவருடைய பிற்காலப் படங்கள் முன்போல் ஓடவில்லை. 1973 மே 29 அன்று, 44 வயதில், மாரடைப்பால் காலமானார். டான் ஸ்ரீ விருது 1990இல், மறைந்த பிறகே வழங்கப்பட்டது.

வாழ்ந்த காலத்தில் கிடைக்காத அந்த மதிப்பு இன்று முழுமையாகக் கிடைத்துவிட்டது. அவருடைய மெட்டுகளை அடுத்தடுத்த தலைமுறைப் பாடகர்கள் புதிதாகப் பாடிப் பதிவு செய்கிறார்கள். கோலாலம்பூரிலும் ஜார்ஜ்டவுனிலும் அவர் பெயரில் சாலைகள் உள்ளன. ஜார்ஜ்டவுனில் அந்தச் சாலையில் அவர் பிறந்த மரவீடு புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாகப் பேணப்பட்டு வருகிறது.