கல்லூரி வளாகங்களில் மதுத் தடுப்பு: அமெரிக்க மாணவர் தலைமையின் வரலாறு

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களின் குடியைக் கட்டுப்படுத்துவது நெடுங்காலம் டீன், விடுதிக் காப்பாளர், வளாகக் காவலர் ஆகியோரின் பொறுப்பாகவே இருந்தது. பெற்றோர் இடத்தில் நின்று மாணவரைக் கண்காணிக்கும் அந்த வழக்கம் 1960களின் மாணவர் போராட்டங்களோடு தளர்ந்தது. 1971இல் வாக்களிக்கும் வயது 18 ஆனது. அதையொட்டிப் பல மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் குறைத்தன. ஃபுளோரிடா 1973இல் அதை 18 ஆக்கியது. முதலாமாண்டு மாணவரே சட்டப்படி குடிக்கலாம் என்றானபின் தண்டனைக்கு இடமில்லை. பெரியவர்களின் அறிவுரையும் எடுபடவில்லை. சக மாணவர் சொன்னால் எடுபடும் என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்றது.

1975இல் கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், கியூபாவில் பிறந்த ஹெரார்டோ கொன்சாலெஸ் என்ற மாணவர் 'பாக்கஸ்' அமைப்பைத் தொடங்கினார். மதுவிலக்கு அதன் நோக்கமல்ல. குடிக்க விரும்பாதவரை யாரும் வற்புறுத்தக் கூடாது, குடிப்பவர் அளவறிந்து குடிக்க வேண்டும் என்பதே கொள்கை. ரோமானியரின் மதுக் கடவுள் பெயரையே சூட்டிக்கொண்டதால், இது இன்னொரு மதுவிலக்குச் சங்கம் என்ற ஐயம் மாணவரிடையே எழவில்லை. பிற கல்லூரிகளிலும் கிளைகள் தோன்றி, அது தேசிய அமைப்பாக வளர்ந்தது. அதே ஆண்டுகளில் ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், பயிற்சி பெற்ற மாணவர்களைக் கொண்டு விடுதிகளில் சிறு குழுக் கலந்துரையாடல்களை நடத்தியது. மதுவைப் பற்றிய அறிவு கூடியது. குடிக்கும் அளவு பெரிதாக மாறவில்லை.

1984ஆம் ஆண்டுச் சட்டம் நிலைமையைப் புரட்டிப்போட்டது. மது அருந்தும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி வெட்டப்படும் என்றது அது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் பணிந்தன. அளவோடு குடிக்கச் சொல்லிவந்த மாணவர் தலைவர்களுக்கு இது தர்மசங்கடம். அவர்கள் பேசிய கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இப்போது குடிப்பதே சட்டவிரோதம். 1989இல் வந்த இன்னொரு சட்டம், கூட்டரசின் நிதி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் போதைத் தடுப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றும், அதை ஈராண்டுக்கு ஒருமுறை மதிப்பிட வேண்டும் என்றும் விதித்தது. இதனால் மாணவர் குழுக்களுக்கு அறையும் நிதியும் ஆலோசகரின் துணையும் கிடைத்தன. கூடவே நிர்வாகத்தின் பிடியும் வந்தது.

1986இல் வெஸ்லி பெர்க்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தனர்: மற்றவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் மிகைப்படுத்தியே நினைக்கிறார்கள், அந்த நினைப்பே அவர்களையும் கூடுதலாகக் குடிக்க வைக்கிறது. வடக்கு இலினாய் பல்கலைக்கழகம் இதைப் பிரசாரமாக்கியது. பெரும்பாலோர் அளவோடுதான் குடிக்கிறார்கள் என்ற செய்தி மாணவர் நாளிதழிலும் சுவரொட்டிகளிலும் திரும்பத் திரும்ப வந்தது. வேடமிட்ட மாணவர்கள் வளாகத்தில் சுற்றி, அந்தச் செய்தியைச் சரியாகச் சொன்னவர் கையில் டாலர் நோட்டைத் திணித்தார்கள். அங்கே மிதமிஞ்சிய குடி குறைந்ததாகப் பதிவானது. பல கல்லூரிகள் இந்த வழியைப் பின்பற்றின.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஹார்வர்டின் ஹென்றி வெக்ஸ்லர் 1993இல் 140 கல்லூரிகளில் நடத்திய ஆய்வில், 44 விழுக்காட்டு மாணவர்கள் ஒரே அமர்வில் மிதமிஞ்சிக் குடிப்பவர்கள் எனத் தெரிந்தது. இத்தகைய பிரசாரம் நடந்த கல்லூரிகளில் குடி குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2003இல் அவர் குழு அறிவித்தது. வெறும் தகவல் சொல்லும் கல்வி தனித்து நின்றால் பயன் தராது என்று தேசிய மது ஆய்வு நிறுவனமும் 2002இல் கூறியிருந்தது.

அதன்பின் மேடைப் பேச்சைவிட நேருக்கு நேர் உரையாடலுக்கு மதிப்புக் கூடியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் குழு வகுத்த முறையில், மாணவர் தம் குடிப்பழக்கம் குறித்துக் கொடுத்த விவரங்களை அவர் முன்னேயே வைத்து, கண்டிக்காமல் பேச வேண்டும். மாணவர் சகோதரச் சங்கங்களில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற மாணவர்கள் நடத்திய உரையாடலும் தொழில்முறை ஆலோசகர்கள் நடத்தியதற்கு இணையான பலன் தந்தது.

மாணவருக்கு வேறு பொறுப்புகளும் சேர்ந்தன. போதையில் மயங்கிய நண்பருக்காக ஆம்புலன்ஸை அழைப்பவர்மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் விதி செய்தபின், உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின. ரட்கர்ஸில் 1988இல் தொடங்கிய தனி விடுதி, குடியிலிருந்து மீளும் மாணவர்களை ஒருவருக்கொருவர் துணையாக வாழவைத்தது. 2014இல் பாக்கஸ், மாணவர் நலப் பணியாளர் சங்கமான நாஸ்பாவோடு இணைந்தது. தன்னார்வமாகத் தொடங்கிய பணி சான்றிதழ்ப் பயிற்சியாக மாறியது. இன்று அதில் மதுவோடு பொதுவான உடல்நலமும் மனநலமும் அடங்கும்.